குடிமக்களும் கும்பலும்: ஓர் இலத்தீன் சொல்லின் ஆங்கில வாழ்வு

தேர்தல் காலங்களில் தமிழ் மேடைகளிலே தவறாது ஒலிக்கும் தொடர்களுள் ஒன்று ‘மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு’ என்பது. வென்றவர் அதனைப் பெருமிதத்தோடு கூறுவர். தோற்றவர் வேறு வழியின்றிக் கூறுவர். மோனை அமைந்து பழமொழி போலவே நாவிற் புரளும் இத்தொடருக்குப் பின்னால், ஐரோப்பாவெங்கும் வழங்கிய ஓர் இலத்தீன் வாக்கியம் நிற்கின்றது. ‘வொக்ஸ் பொப்புலி, வொக்ஸ் தேயி’ என்பதே அது. மக்களின் குரல் கடவுளின் குரல் என்பது பொருள். ஆங்கில எழுத்தாளர்கள் பல நூற்றாண்டுகளாக இதனை மொழிபெயர்க்காமலே எடுத்தாண்டு வந்துள்ளனர். நமது நாட்டில் ஆங்கிலங் கற்ற முந்திய தலைமுறையினரும் கட்டுரைக்கு அணிசெய்யும் பொருளாக இதனை மனனஞ் செய்தனர். யார், எப்பொழுது, யாரைக் குறித்து இதனைக் கூறினர் என்ற வினா வகுப்பறைகளில் எழுப்பப்பட்டமை அருமை.

அவ்வினாவை எழுப்புமிடத்து முதலிலேயே ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. இவ்வாக்கியத்துக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, ஏறத்தாழ 798ஆம் ஆண்டில், ஆங்கில நாட்டில் யோர்க் நகரிற் கற்றுப் பின் பிராங்கியப் பேரரசன் சார்லமேனின் அவைக்குச் சென்ற அறிஞர் அல்குவின் எழுதிய கடிதமாகும். அக்கடிதம் இவ்வாக்கியத்தைப் போற்றவில்லை, மறுக்கின்றது. மக்களின் குரல் கடவுளின் குரல் என்போருக்குச் செவிசாய்க்க வேண்டாம் என்று அல்குவின் அரசனுக்கு அறிவுறுத்துகின்றார். கூட்டத்தின் ஆரவாரம் எப்பொழுதும் பித்துக்கு அண்மையிலேயே இருக்கும் என்பது அவர் காட்டும் காரணம். இங்கு ஒரு நுட்பம் உளங்கொள்ளத்தக்கது. பிறர் கூற்றை எடுத்துரைக்கும்பொழுது ‘பொப்புலுஸ்’ என்ற சொல் வருகின்றது. தமது மறுப்பைக் கூறும்பொழுது அவர் அச்சொல்லைக் கைவிட்டு ‘வுல்குஸ்’ என்ற சொல்லை எடுக்கின்றார். குறிக்கப்படுவோர் ஒருவரே, குறிக்குஞ் சொல்தான் மாறியது. ஒரே வாக்கியத்தினுள் மக்கள் கும்பலாயினர்.

இந்தச் சொன்மாற்றமே ஆங்கில இலக்கியத்திலும் பழமொழிகளிலும் தொடர்ந்து நிகழ்ந்து வந்துள்ளது என்பதும், அது நடைபற்றிய செய்தி மட்டுமன்று, அதிகாரம் பற்றிய செய்தி என்பதும் நாம் ஈண்டு நிறுவ முனையும் கருத்தாகும்.

இரு சொற்களையும் முதலில் அவை பிறந்த மண்ணிலேயே நோக்குவோம். ‘பொப்புலுஸ்’ என்பது உரிமையுடைய குடிமக்களின் தொகுதி. றோமின் அரசமுத்திரையிலே செனற்சபையோடு இணைத்து எழுதப்பட்டது இச்சொல்லே. வாக்களிப்பதும் சட்டத்துக்கு இசைவளிப்பதும் ‘பொப்புலுஸ்’ செய்யும் வினைகள். அடிமைகளுக்கும் பெண்களுக்கும் அவ்வினைகளில் இடமிருக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. ‘வுல்குஸ்’ என்பதோ தெருவிலும் சந்தையிலும் திரளும் பொதுச்சனம். அதற்குச் சபையில்லை, வாக்கில்லை, பெயர் மாத்திரம் உண்டு. இலக்கணமும் ஒரு சிறு சான்று தருகின்றது. ‘உஸ்’ என முடியும் இவ்வகைப் பெயர்களுட் பெரும்பாலானவை இலத்தீனில் ஆண்பால். ‘வுல்குஸ்’ என்பதோ, நஞ்சைக் குறிக்கும் ‘வீருஸ்’, கடலைக் குறிக்கும் ‘பெலகுஸ்’ ஆகியவற்றோடு சேர்ந்து அஃறிணை போன்ற பாலில் நிற்கும் அரிய விதிவிலக்கு. இலத்தீனிற் பால் என்பது தமிழிற் போலப் பொருள்நோக்கி அமைந்ததன்று. சில புலவர் இச்சொல்லை ஆண்பாலாகவும் வழங்கியுள்ளனர். ஆதலின் இதிலிருந்து பெரிய முடிபெதனையும் பெறுதல் பொருந்தாது. ஆயினும் நஞ்சுக்கும் கடலுக்கும் அருகே பொதுச்சனத்தை நிறுத்திய இலக்கண அட்டவணையை மனனஞ் செய்த ஆங்கிலப் பாடசாலை மாணவர் தலைமுறைகளை எண்ணிப் பார்க்கத் தோன்றுகின்றது.

றோமப் புலவருள் இச்சொல்லின் இழிபொருளுக்கு நிலைபேறு அளித்தவர் ஹொறஸ். கி.மு. 23இல் வெளியான தமது பாடற்றொகுதியின் மூன்றாம் நூலை, புனிதமறியாத பொதுச்சனத்தைத் தாம் வெறுத்து விலக்குவதாகக் கூறியே அவர் தொடங்குகின்றார். பிறிதோரிடத்தில் றோம மக்களைப் பல தலைகளையுடைய விலங்கு என்கின்றார். இங்கிலாந்தின் கனவான்கள் பன்னெடுங்காலம் தம் பேச்சிலும் எழுத்திலும் இவ்விரு இடங்களையும் மேற்கோளாக்கி வந்தனர். அவர்கள் அதிகம் மேற்கோள் காட்டாத செய்தியொன்று உண்டு. ஹொறஸின் தந்தை விடுதலைபெற்ற அடிமை. அதனைப் புலவரே தம் அங்கதப் பாடலொன்றில் மறைக்காமல் எழுதியுள்ளார். அடிமையின் மகன் அரண்மனையின் நிழலை அடைந்து பொதுச்சனத்தை வெறுப்பதாகப் பாடியபொழுது, அவ்வெறுப்பில் ஒரு பகுதி தான் ஏறிவந்த படிகளை நோக்கியதாக இருந்திருக்கக்கூடும். பிறப்பாலே செல்வம் பெற்ற ஆங்கிலப் பிரபுக்கள் அதே வரியைக் கூறியபொழுது அந்தச் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. வெறுப்பு மட்டும் எஞ்சியது.

பல தலை விலங்கு என்ற உருவகம் ஆங்கில மண்ணிற் செழித்து வளர்ந்தது. சேக்ஸ்பியர் அதனை ஒன்றுக்கு மேற்பட்ட நாடகங்களிற் கையாளுகின்றார். 1732இல் மருத்துவர் தோமஸ் புல்லர் தொகுத்த பழமொழி நூலிலே, கும்பலுக்குத் தலைகள் பலவுள, மூளை இல்லை என்ற கருத்துடைய பழமொழி இடம்பெற்றது. புலவரின் ஏளனம் இவ்வாறு பழமொழியின் உடையை அணிந்துகொண்டது. பழமொழி மக்களின் அனுபவத்திலிருந்து பிறப்பது என்று நாம் பொதுவாகக் கூறுவோம். ஆனால் எல்லாப் பழமொழிகளும் மக்கள் வாயில் பிறந்தவையல்ல. மக்களைக் குறித்து மேலிருந்தோர் கூறியவையும் அவற்றுள் உள்ளன. இவ்வேறுபாட்டைக் காட்டாத பழமொழித் தொகுப்பு மாணவனுக்குப் பாதி உண்மையையே கற்பிக்கின்றது.

சேக்ஸ்பியரின் ‘கொரியோலனஸ்’ நாடகத்தை இவ்விடத்திற் சற்று ஆழ்ந்து நோக்குதல் பயன்தரும். ஏறத்தாழ 1608இல் எழுதப்பட்ட இந்நாடகம், பசியால் வாடித் தடியேந்தி வரும் றோமக் குடிகளோடு தொடங்குகின்றது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1607இல், பொதுநிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டமைக்கு எதிராக இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்களில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர்; சேக்ஸ்பியரின் பிறந்த மாவட்டமாகிய வாரிக்சயரும் அவற்றுள் ஒன்று. நாடகத்திற் படைத்தலைவன் கொரியோலனஸ் மக்களை நாய்களென ஏசுகின்றான். பல தலைக் கூட்டம் என்ற வசையும் வருகின்றது. ஆனால் முதற் காட்சியிலே பேசும் குடிமகன் என்ன கூறுகின்றான்? செல்வர் தம் தேவைக்கு மேல் வைத்திருப்பதைத் தந்தாலே தம் பசி தீரும் என்றும், தம் வறுமையே அவர்களது வளத்தின் கணக்குப் பட்டியல் என்றும் அவன் வாதிடுகின்றான். இது மூளையற்ற விலங்கின் முழக்கமன்று, பொருளாதார வாதம். பின்னொரு காட்சியிற் பல தலை என்ற வசையைக் குடிமக்களே தமக்குள் எடுத்துப் பேசி நகையாடுகின்றனர். நாடகாசிரியர் மக்கள் பக்கம் நின்றார் என்று கூறுவது மிகையாகும். அவர் படைத்த கூட்டம் எளிதில் மனம் மாறுவதும் உண்மையே. ஆயினும் வசையையும் வாதத்தையும் ஒரே மேடையில் ஏற்றிவிட்டார். பின்வந்த மேற்கோள் தொகுப்பாளர் பலர் வசையை மட்டும் வெட்டியெடுத்து, வாதத்தை மேடையிலேயே விட்டுவிட்டனர்.

‘வுல்குஸ்’ என்ற வேரிலிருந்து ஆங்கிலத்தில் வந்த இன்னொரு சொல் ‘வல்கர்’ என்பது. இதன் வரலாறு மேலும் தெளிவானது. தொடக்கத்தில் இதற்குப் பொதுவான, யாவருக்கும் உரிய என்பதே பொருள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜெறோம் செய்யத் தொடங்கிய இலத்தீன் விவிலியம் பிற்காலத்தில் ‘வுல்காத்தா’ எனப் பெயர் பெற்றது. பரவலாக வழங்குவது என்பதன்றி இழிந்தது என்பது அதன் பொருளன்று. 1662ஆம் ஆண்டு ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு நூல், ஞானஸ்நானம் பெறும் குழந்தைக்கு விசுவாச மந்திரத்தையும் பத்துக் கட்டளைகளையும் ‘வல்கர்’ மொழியிற் கற்பிக்குமாறு பணிக்கின்றது. பொதுமக்கள் பேசும் ஆங்கிலம் என்பதே அங்குக் கருத்து. 1785இல் பிரான்சிஸ் குறோஸ் அதே ‘வல்கர்’ மொழிக்கு ஓர் அகராதி வெளியிட்டார். அதில் நிறைந்திருந்தவை கள்ளரும் படைவீரரும் தெருவாசிகளும் வழங்கிய கொச்சைச் சொற்கள். கடவுளின் கட்டளையைக் கற்பிக்கத் தகுந்த மொழி, ஒன்றேகால் நூற்றாண்டுக்குள், கனவான் ஒருவன் வேடிக்கை பார்க்கும் மொழியாயிற்று. பழைய பொருள் முற்றாக மறைந்துவிடவில்லை. எண்கணித நூல்களில் சாதாரண பின்னங்கள் நெடுங்காலம் ‘வல்கர்’ பின்னங்கள் என்றே வழங்கின. எண்களுக்கு வர்க்கம் இல்லாமையால் அங்கு அச்சொல் இழிவடையவில்லை போலும். மனிதரைக் குறிக்குமிடத்து, வணிகத்தாற் செல்வமடைந்து பிரபுக்களின் நடையுடையைப் பின்பற்ற முனைந்த புதிய வகுப்பினரும், தம்மைக் கீழோரிடமிருந்து பிரித்துக் காட்ட இச்சொல்லையே வேலியாக நட்டனர்.

இனி, ‘மொப்’ என்ற சொல்லுக்கு வருவோம். கும்பல் என்ற பொருளில் இன்று உலகெங்கும் வழங்கும் இக்குறுஞ்சொல், ‘மொபிலே வுல்குஸ்’ என்ற இலத்தீன் தொடரின் வெட்டுண்ட தலையாகும். நிலையற்ற பொதுச்சனம் என்பது அத்தொடரின் பொருள். கி.பி. 398இல் புலவர் குளோடியன் பேரரசன் ஹொனோறியுசைப் பாராட்டி இயற்றிய நெடும்பாடலில் இச்சொற்கள் வருகின்றன. அங்கு அவற்றின் இடம் யாது? தந்தையாகிய பேரரசன் மைந்தனுக்கு அறிவுரை கூறுகின்றான்: நீ இயற்றும் சட்டத்துக்கு முதலில் நீயே பணிந்து நட, உலகம் மன்னனின் முன்மாதிரியைப் பார்த்தே தன்னை அமைத்துக்கொள்ளும், நிலையற்ற பொதுச்சனம் அரசனோடு சேர்ந்தே மாறும். அஃதாவது, மக்கள் கெட்டால் பழி மன்னனுக்கே என்பது குறிப்பு. அரசனை எச்சரிக்க எழுந்த தொடர், ஆங்கிலத்தில் மக்களை மட்டும் ஏசும் தொடராகச் சுருங்கியது.

இச்சுருக்கம் நிகழ்ந்த காலத்தையும் நாம் ஓரளவு அறிவோம். கத்தோலிக்கராகிய யோர்க் கோமகனை அரசுரிமையிலிருந்து விலக்குவது பற்றி 1679 முதல் 1681 வரை பாராளுமன்றத்திற் பெரும் பிணக்கு நிலவியது. அப்பொழுது எதிர்க்கட்சிப் பிரபுக்களின் ‘பச்சை நாடா’க் கழகம் இலண்டனில் பாப்பரசரின் உருவத்தை எரிக்கும் பெரும் ஊர்வலங்களை ஏற்பாடு செய்தது. அக்கழகத்தின் கூட்டங்களிலேதான் இலத்தீன் தொடர் ஓரசைச் சொல்லாகச் சுருங்கியது என்று றோஜர் நோர்த் தமது நூலில் எழுதியுள்ளார். அவர் எதிர்முகாமைச் சேர்ந்தவர். ஆதலால் அவர் கூற்றை எச்சரிக்கையோடு கொள்ளல் வேண்டும். ஆயினும் அக்காலத்தில் இச்சொல் வழக்கிற்கு வந்தமை உறுதி. தெருவுக்கு மக்களை அழைத்தவர்களும், பொம்மைக்கும் ஊர்வலத்துக்கும் பணம் கொடுத்தவர்களும் பிரபுக்கள். கும்பலுக்குப் பெயரிட்டவர்களும் அதனைத் திரட்டியவர்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர் என்றால், அது அவ்வரலாற்றின் மிக முக்கியமான பாடமாகும்.

அடுத்த தலைமுறையின் எழுத்தாளர் இச்சொல்லை வெறுத்தனர். ஆனால் வேறொரு காரணத்துக்காக. 1710இல் சுவிப்ற், ‘ரற்லர்’ இதழில், இத்தகைய சொற்களின் பரவலைத் தடுக்கத் தாம் சில ஆண்டுகளாக இயன்றவரை முயன்றும் தோற்றதாக வருந்தினார். 1711இல் அடிசன், ‘ஸ்பெக்ரேற்றர்’ இதழில், தலையை வைத்து உடலை வெட்டியெறியும் சொற்சுருக்கங்களைக் கண்டித்தபொழுது இதனையும் எடுத்துக்காட்டினார். மொழியின் தூய்மை கெடுகின்றது என்பதே அவர்களது கவலை. சொல் அரைகுறையானது என்று கவன்றனரேயன்றி, அச்சொல் சுட்டிய மனிதரைப் பற்றி அவ்விடங்களில் அவர்கள் கவன்றாரல்லர். 1715இல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டம் அக்கவலையின்மைக்குச் சட்டவடிவம் தந்தது. பன்னிரண்டு பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஓரிடத்திற் கலகமுறத் திரண்டால், நீதவான் அரச பிரகடனத்தை வாசிக்கலாம். வாசித்து ஒரு மணி நேரத்தின் பின்னும் கலையாதோர் மரண தண்டனைக்குரியோர். கலகச் சட்டத்தை வாசித்தல் என்பது இன்று ஆங்கிலத்தில், பிள்ளைகளைப் பெற்றோர் அதட்டுவதைக் குறிக்கும் வேடிக்கையான மரபுத்தொடர். அதன் வேரில் உயிர்கள் போயின.

மறுபுறத்தில் ‘வொக்ஸ் பொப்புலி’ என்ற பழைய வாக்கியமோ, மேலோருக்குத் தேவைப்பட்ட போதெல்லாம் அரியணை ஏறியது. 1327இல் இரண்டாம் எட்வேர்ட் மன்னன் பதவி நீக்கப்பட்டபொழுது, கன்ரபரிப் பேராயர் வோல்ரர் றெனல்ட்ஸ் இதனையே தமது பிரசங்கத்தின் பொருளாகக் கொண்டார். அங்கு மக்கள் எனப்பட்டோரின் தலைமையில் நின்றோர் பிரபுக்களும் மதகுருமாரும். 1709இல் ‘விக்’ கட்சியின் கொள்கையை விளக்கும் துண்டுநூலொன்று இதே இலத்தீன் தலைப்போடு இலண்டனில் வெளியாயிற்று. ஆட்சியின் உரிமை மக்களின் இசைவிலிருந்து பிறக்கின்றது என்பது அதன் வாதம். பத்து ஆண்டுகள் சென்றன. விக் கட்சி ஆட்சியில் அமர்ந்திருந்தது. 1719இல் இளம் அச்சுத் தொழிலாளி ஜோன் மத்தியூஸ் இன்னொரு துண்டுநூலை அச்சிட்டான். அதன் தலைப்பிலும் அதே வாக்கியம். உன் வாயாலேயே உன்னைத் தீர்க்கின்றேன் என்ற இன்னோர் இலத்தீன் வாக்கியம் அதற்கு முன்னால். மக்களின் இசைவே அரசுரிமையைத் தருமாயின், நாடு கடந்து வாழும் ஸ்ருவேர்ட் இளவரசனையே மக்கள் விரும்புகின்றனர் என்பது அந்நூலின் வாதம். இராசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்ட மத்தியூஸ் 1719 நவம்பரில் ரைபேர்ண் தூக்குமரத்திற் கொல்லப்பட்டான். அவனுக்கு அப்பொழுது இருபது வயதும் நிறைந்திருக்கவில்லை. ஸ்ருவேர்ட் மரபின் கோரிக்கையில் முற்போக்கு எதுவுமில்லை. அதனை நாம் ஆதரிக்கவும் வேண்டியதில்லை. நாம் காண்பது இதுதான்: ஒரே வாக்கியம் ஒருவரை ஆட்சியில் நிலைநிறுத்தியது, மற்றொருவனைத் தூக்கிலிட்டது. மக்களின் குரல் எது என்பதைத் தீர்மானித்தவர் மக்கள் அல்லர்.

இவ்வரலாற்றில் மக்கள் வாளாவிருந்தனர் என எண்ணுதல் தவறு. பிரான்சியப் புரட்சியைக் கண்டித்து எட்மண்ட் பேர்க் 1790இல் எழுதிய நூல், பொதுமக்கட் கூட்டத்தைப் பன்றிகளோடு ஒப்பிட்டது. நியூகாசில் நகரில் ஆசிரியராக இருந்து இலண்டன் வந்த தோமஸ் ஸ்பென்ஸ், 1793இல் ஏழைகளுக்கென மலிவு விலையில் ஒரு வார இதழைத் தொடங்கி அதற்குப் ‘பன்றியிறைச்சி’ எனப் பெயரிட்டார். டானியல் ஐசக் ஈற்றன் தமது இதழுக்குப் ‘பன்றிக் கழுநீர்’ எனப் பெயர் வைத்தார். வசையை ஏந்திக் கொடியாக்கும் இவ்வுத்தி உலகின் ஒடுக்கப்பட்டோர் பலரும் கையாண்டதொன்று. இருவரும் சிறை கண்டனர். 1819 ஆகஸ்ட் 16ஆம் திகதி மன்செஸ்டரின் புனித பீற்றர் திடலில், ஏறத்தாழ 60,000 மக்கள் பாராளுமன்றப் பிரதிநிதித்துவம் கோரிக் கூடினர். அப்பெருந் தொழில் நகருக்கெனத் தனிப் பிரதிநிதி ஒருவர்கூட அன்று இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குரிய நல்லுடை அணிந்து, குடும்பத்தோடு, அணிவகுத்து அவர்கள் வந்தனர். நீதவான்களின் கண்ணுக்கு அது கலகக் கும்பல். கலகச் சட்டத்தை வாசித்துவிட்டதாகவும் பின்னர் கூறினர். குதிரைப்படை வாளோடு புகுந்தது. இறந்தோர் 18 பேர் எனக் கணக்கிடப்படுகின்றது. இரண்டு வயதுக் குழந்தையொன்றும் அதில் அடங்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன் நெப்போலியனை வென்ற வாட்டர்லூவின் பெயரைத் திரித்து, ‘பீற்றர்லூ’ என அந்நிகழ்ச்சிக்குப் பெயரிட்டது உள்ளூர்ச் சீர்திருத்தப் பத்திரிகையொன்று. அரசாங்கம் வைத்த பெயர் மறைந்தது. மக்கள் தரப்பு வைத்த பெயர் நிலைத்தது. பெயரிடும் அதிகாரம் என்றைக்கும் ஒரு பக்கத்துக்கே எழுதிவைக்கப்பட்டதன்று என்பதற்கு இது சான்று.

இலத்தீனின் இன்னொரு சொல் இவ்வகையிற் பெற்ற மீட்சியை நமது வாசகர் அறிவர். றோமின் குடிமதிப்பிலே, அரசுக்குத் தர மக்கட்செல்வமன்றி வேறெச் சொத்தும் இல்லாதோர் ‘புரோலெத்தாரி’ எனப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பெயர் தொழிலாளர் வர்க்கத்தின் பெருமிதப் பெயராயிற்று. ‘வுல்குஸ்’ என்பதற்கோ அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அமைப்பாகத் திரண்ட வர்க்கமே தன் பெயரை மீட்டுக்கொண்டது என்பது வெளிப்படை. ஆனால் இங்கு நாம் நம்மையும் நோக்குதல் வேண்டும். தொழிலாளருக்கும் கீழே கிடந்த உதிரிகளைக் குறிக்க மார்க்சே 1852இல் கையாண்ட சொற்களில், பழைய ‘வுல்குஸ்’ வெறுப்பின் எதிரொலி கேட்கின்றது. இடதுசாரிகளின் நாவும் இச்சொல்லின் கறையிலிருந்து முற்றாகத் தப்பியதில்லை.

இவ்விடத்தில் நேர்மையான வாசகர் ஒருவர் வினவக்கூடும்: மக்கள் கும்பலாகி அழிவு செய்ததே இல்லையா? உண்டு. 1780 ஜூனில் இலண்டனில் கத்தோலிக்கருக்கு எதிராக மூண்ட கோர்டன் கலகத்தில் தேவாலயங்களும் வீடுகளும் எரிந்தன. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். வரலாற்றாசிரியர் ஜோர்ஜ் ரூடே நீதிமன்றப் பதிவுகளை ஆராய்ந்து, கைதானோரிற் பெரும்பாலோர் குற்றவாளிக் கூட்டத்தினரல்லர், கூலிபெறும் சாதாரண உழைப்பாளரே எனக் காட்டினார். ஈ. பி. தொம்சன் 1971இல் வெளியிட்ட ஆய்வு, அந்நூற்றாண்டின் உணவுக் கலகங்களில் மக்கள் பலவேளை தானியத்தைக் கொள்ளையிடாது, நியாய விலை குறித்து விற்று, பணத்தை உரியவரிடமே கொடுத்ததை எடுத்துரைத்தது. இவ்வாய்வுகளின் பயன், கூட்டம் எப்பொழுதும் நல்லது என்று நிறுவுவதன்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முகங்கள் உண்டு, காரணங்கள் உண்டு, அதனைக் கூட்டியோரும் உண்டு என்று காட்டுவதே. ‘மொப்’ என்ற சொல் இம்மூன்றையும் ஒருங்கே மறைத்துவிடுகின்றது.

இம்மறைப்பு எத்துணைக் கொடியது என்பதை ஈழத்து வாசகருக்கு விரிவாகக் கூறவேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழரைக் கொன்று எரித்தோரை ஆங்கிலச் செய்திகள் ‘மொப்’ என்றே எழுதின. ஆனால் அவர்கள் கையில் வாக்காளர் இடாப்புகள் இருந்தமை பலராலும் பதிவுசெய்யப்பட்டுள்ளது. பல தலைகளையும் மூளையின்மையையும் உடைய விலங்கு இடாப்புப் பார்த்து வீடு தேடாது. மறுபுறம், ஜூலை 28ஆம் திகதி நாட்டுக்கு உரையாற்றிய ஜனாதிபதி, நிகழ்ந்ததைச் சிங்கள மக்களின் எதிர்வினையாகவே எடுத்துரைத்தார். அங்கே கும்பல் மக்களாக உயர்த்தப்பட்டது. அல்குவின் செய்த மாற்றத்தின் மறுதலை இது. ஏவியோரை ஒரு சொல் மறைத்தது. மற்றச் சொல் நியாயப்படுத்தியது. தம் வீடுகளில் தமிழரை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்களோ இவ்விரு சொற்களிலும் அடங்கவில்லை. அவர்களும் மக்களே, அவர்கள் குரலை எந்த இலத்தீன் வாக்கியமும் பதிவுசெய்யவில்லை.

இவ்வரலாற்றின் ஒரு வேடிக்கையான திருப்பத்தையும் குறிப்பிட வேண்டும். 1907இல் பிரான்சிஸ் கோல்ற்றன் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். தலைப்பு ‘வொக்ஸ் பொப்புலி’. மனிதரிற் பரம்பரையால் உயர்ந்தோர், தாழ்ந்தோர் உளரெனக் கொண்டு இனமேம்பாட்டுக் கொள்கைக்குப் பெயரிட்டவர் அவர். பொதுமக்களின் அறிவில் நம்பிக்கை வைத்தவரல்லர். பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில், ஓர் எருதின் இறைச்சி நிறையை ஊகிக்கும் போட்டி நடந்தது. ஆறு பென்ஸ் செலுத்தியோர் தத்தம் ஊகத்தை எழுதிக் கொடுத்தனர். கசாப்புக் கடைக்காரரும் உழவரும் வேடிக்கை பார்க்க வந்தோரும் அவர்களுள் இருந்தனர். வாசிக்கக்கூடிய 787 சீட்டுகளை வரிசைப்படுத்தி அவர் நடு மதிப்பைக் கண்டார். அது 1,207 இறாத்தல். உண்மை நிறை 1,198 இறாத்தல் என்று அவர் பதிந்தார். பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மக்களின் தீர்ப்பு எதிர்பார்த்ததிலும் நம்பத்தக்கது என்று அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஓர் எருதின் நிறையிலிருந்து அரசியற் கொள்கை எதனையும் கட்டியெழுப்ப நாம் விரும்பவில்லை. ஒவ்வொருவரும் தனித்துச் சிந்தித்து, தம் கருத்தை எழுதி, ஒவ்வொரு சீட்டும் சமமாக எண்ணப்பட்டபொழுது இம்முடிபு கிட்டியது என்பது மட்டும் நினைவிற் கொள்ளத்தக்கது. அறிவில்லாதது கூட்டம் என்று கூறுமுன், அக்கூட்டம் அறியவும் சிந்திக்கவும் வாய்ப்பளிக்கப்பட்டதா என்று கேட்டாக வேண்டும்.

றேமண்ட் வில்லியம்ஸ் 1958இல் எழுதிய பண்பாட்டு வரலாற்று நூலில், வெகுசனத் திரள் என்று ஒன்று இல்லை, பிறரைத் திரளாகப் பார்க்கும் பார்வைகளே உள்ளன என்ற கருத்தை முன்வைத்தார். அயலவரும் உறவினரும் நமக்குத் திரளாகத் தோன்றுவதில்லை. நாம் அறியாதோரே அவ்வாறு தோன்றுவர். ‘வுல்குஸ்’ என்பது இவ்வகையில் மக்களைப் பற்றிய செய்தியன்று. அதனைச் சொல்பவர் நின்ற தூரத்தைப் பற்றிய செய்தி.

அத்தூரம் தமிழிலும் உண்டு. வழக்கென்பது உயர்ந்தோர் வழக்கே எனத் தொல்காப்பியம் வகுத்தது. உயர்ந்தோர் யாவர் என்ற வினாவுக்குக் காலந்தோறும் அதிகாரமே விடை பகர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து மரபு விவாதத்தின்போது, பேச்சுமொழியில் எழுதிய முற்போக்கு எழுத்தாளரின் ஆக்கங்களை ‘இழிசனர் இலக்கியம்’ எனப் பண்டிதர் சிலர் ஏளனஞ் செய்தனர். இலத்தீன் அறியாதோரும் அதன் சரியான மொழிபெயர்ப்பைக் கண்டுபிடித்திருந்தனர்! கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் ஒடுக்கப்பட்ட சாதியினரின் வாழ்வை அவர்கள் பேசும் மொழியிலேயே எழுதித் தம் விடையை அளித்தனர். ஸ்பென்ஸ் பன்றியிறைச்சியைப் பெயராக்கினார். இவர்கள் இழிசனரின் மொழியை இலக்கியமாக்கினர். அன்று ஏளனஞ் செய்தோரின் கட்டுரைகளைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஏளனஞ் செய்யப்பட்ட கதைகளை மாணவர் இன்றும் கற்கின்றனர்.

ஆகவே ஆசிரியரும் மாணவரும் ஆங்கில நூல்களில் இத்தகைய இலத்தீன் மேற்கோளையோ, அதன் சாயலிலமைந்த பழமொழியையோ காணுமிடத்து, அதன் அழகில் மயங்கி மனனஞ் செய்வதோடு நின்றுவிடலாகாது. இது எந்த ஆண்டிற் கூறப்பட்டது, யாரால், யாரை நோக்கி என்ற மூன்று வினாக்களைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிவைப்போம். அவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம்: அக்கூட்டத்திலே நின்றவர்களுள் ஒருவர் எழுதியிருந்தால் இந்த வாக்கியம் எவ்வாறு அமைந்திருக்கும்? அந்த நான்காவது வினாவுக்குரிய விடைகளிற் பெரும்பாலானவை இன்னும் எழுதப்படவில்லை.